தாராவியின் அப்பா, லால்பாகின் அண்ணா

மும்பையில் வாழும் எங்களைப் போன்ற திருநெல்வேலிக் குடும்பங்கள் இறந்தவர்களை மறப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திவசம், ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை என்று அவர்களுக்குரிய நாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. படத்தைத் துடைத்து மாலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலையில் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். தாராவியில் உள்ள எங்கள் வீட்டில் இது தவறியதே இல்லை. அப்பா இறந்த மாதம், பட்சம், திதி எல்லாம் என் அண்ணனுக்கு மனப்பாடம். அப்பா பிறந்த நாளோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் அட்டை ஒரு வயதைச் சொல்கிறது, வாக்காளர் அட்டை வேறொரு வயதைச் சொல்கிறது. அவர் எந்த ஆண்டு ஊரிலிருந்து ரயில் ஏறினார், பம்பாயில் முதல் இரவு எங்கே படுத்தார், யார் அவருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார் என்பவையும் தெரியாது. சாவை இவ்வளவு துல்லியமாகக் காத்துவைக்கிற நாம் வாழ்வை அப்படிக் காப்பதில்லையே என்ற வருத்தம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. அந்த வருத்தத்தில் நான் தேடிப் போனதையும், தேடும் வழியில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அப்பா இட்லி வியாபாரி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர். எங்கள் வீட்டில் மதியம் அரிசியும் உளுந்தும் ஊறும். மாலையில் அரைப்பு நடக்கும். அதிகாலை மூன்று மணிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். ஐந்தரை மணிக்கெல்லாம் அப்பா சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, முன்னால் சட்னிக்கும் சாம்பாருக்கும் தூக்குகளை மாட்டி, ரப்பர் ஹார்னை அமுக்கியபடி கிளம்பிவிடுவார். 90 அடி சாலை, சயான், கிங்ஸ் சர்க்கிள், தாதர் டி.டி., ஹிந்த்மாதா, பரேல், லால்பாக். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். முற்பகலில் பாத்திரம் காலியாகித் திரும்புவார். குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். நாங்கள் பள்ளியிலிருந்து வரும்போது உறக்கத்தில் இருப்பார். அவர் எழும்போது கிரைண்டர் ஓடத் தொடங்கியிருக்கும். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் எங்கள் நினைவில் அவர் பேசாத மனிதர். 2012இல் அவர் இறந்தபோது, வந்தவர்களிடம் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

அம்மா 2021இல், கொரோனாவின் இரண்டாம் அலையில் போனார். அப்பா இறந்தபோது பதினாறு நாளும் வீடு நிறைந்திருந்தது. அம்மாவுக்குத் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கக்கூட, யாரும் வர முடியவில்லை. அந்த வெறுமையில்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. துட்டி வீட்டில் கூட்டம் கூடுவது ஆறுதலுக்காக மட்டும் இல்லை. ஒருவர் வாழ்க்கையின் பல துண்டுகளைப் பல பேர் கைகளில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்வது அந்தப் பதினாறு நாள்களில் மட்டுமே. கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டு, திண்ணையிலும் சந்திலும் உட்கார்ந்து பேசுவார்கள். "அவர் அன்றைக்கு அப்படிச் செய்தாரே" என்று ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் திருத்துவார். பிறகு அவரவர் வண்டி ஏறிப் போய்விடுவார்கள். அப்பாவின் பதினாறு நாள்களில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட அத்தனை பேச்சும் காற்றோடு போயிற்று.

ஆகவே நான் இப்போது யார் வீட்டுத் துட்டிக்குப் போனாலும், நெருங்கிய உறவாக இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறேன். அழுகிற பிள்ளைகளிடம் அதைக் கொடுப்பதில்லை. மருமகனோ, பேரனோ, அந்த வீட்டில் சற்றுத் தெளிவாக இருக்கும் இளைஞன் ஒருவனோ கிடைப்பான். அவனிடம் கொடுத்து, "வருகிறவர்கள் சொல்வதை ஒரு வரியாவது குறித்துக்கொள், சொன்னவர் பெயரையும் எழுது" என்று சொல்கிறேன். இதுவரை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. சிலர் தாங்களாகவே நோட்டைக் கேட்டு வாங்கி எழுதுகிறார்கள்.

அம்மாவுக்கு யாரும் வர முடியாமல் போனாலும் ஒருவர் மட்டும் வந்தார், தொலைபேசி வழியாக. அப்பாவின் தங்கை, ஊரில் இருக்கும் என் அத்தை. செய்தி கேட்டதும் போனிலேயே ஒப்பாரி வைத்தார். அண்ணன் மகன் அதைப் பதிவு செய்துவிட்டான். மாதங்கள் கழித்து அதை அமைதியாகக் கேட்டபோதுதான், அது அம்மாவின் முழு வாழ்க்கை வரலாறு என்று கண்டுகொண்டேன். மதினி (அண்ணன் மனைவி, அதாவது என் அம்மா) பித்தளைக் குடத்தோடு பம்பாய்க்கு வந்தது, குழாயடியில் நள்ளிரவில் வரிசையில் நின்றது, மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாம் அதில் வருகின்றன. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அண்ணனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள் என்றும் வருகிறது. சங்கிலிக் கதை எங்களில் யாருக்கும் தெரியாது. அதற்கு முன் அப்பா பாத்திரத்தைத் தலையில் சுமந்து நடந்தே விற்றிருக்கிறார் என்பதும் அதன் மூலமே தெரியவந்தது.

ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் இடம் பார்த்துக் கேளுங்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் ஆகாது என்ற நம்பிக்கை வலுவானது. நான் ஊருக்குப் போனபோது அத்தை என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய், அங்கே உட்கார்ந்துதான் விட்டுப்போன அடிகளைச் சொன்னார். சில அடிகளைப் பாடவில்லை, பேச்சாகவே சொன்னார். அதுவே போதுமானது.

அப்பாவைத் தேட நான் வேறு பக்கம் போக வேண்டியிருந்தது. அவர் விழித்திருந்த நேரத்தில் பாதி சாலையில் கழிந்தது. எனவே அவரை அறிந்தவர்களில் பாதிப் பேர் சாலையோரத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பள்ளி விடுமுறையில் அண்ணன் அப்பாவோடு போவதுண்டு. அவனுக்கு நிறுத்தங்கள் நினைவில் இருந்தன. இருவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், அப்பா கிளம்பும் அதே நேரத்தில், அவர் போன வழியிலேயே போனோம். நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு அந்தத் தெருக்களில் நிற்கும் மனிதர்கள் வேறு, பத்து மணிக்கு நிற்பவர்கள் வேறு. பால் போடுகிறவர், கட்டடக் காவலாளி, நடைப்பயிற்சிக்கு இறங்கும் முதியவர் ஆகியோரைப் பகலில் போனால் பார்க்க முடியாது.

அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மும்பையில் இட்லி விற்கும் தமிழர் எல்லாருமே "அண்ணா"தான். படத்தைக் காட்டினோம். வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைக் காட்டியபோது தெரியாது என்று தலையாட்டினார்கள். அது ஸ்டுடியோவில் எடுத்தது, அதில் அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். சைக்கிளோடு நிற்கும் ஒரு மங்கலான படம் அண்ணனிடம் இருந்தது, அதைக் காட்டியதும் லால்பாகில் ஒரு பூக்காரப் பெண் "அட, நம் அண்ணா!" என்றார். யாரையாவது தேடிப் போகிறவர்கள் அழகான படத்தை வீட்டில் வைத்துவிட்டு, வேலைக் கோலத்தில் இருக்கும் படத்தை எடுத்துப் போவது நல்லது.

அந்தப் பூக்காரம்மா காட்டிய சாலில்தான், அதாவது தொழிலாளர்கள் வாழும் வரிசை அறைக் கட்டடத்தில்தான், எல்லாரும் காகா (மராத்தியில் சித்தப்பா) என்று அழைக்கும் பெரியவரைச் சந்தித்தோம். மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் மராத்தியில் அவர் சொன்ன முதல் வாக்கியம் என்னை அசைத்துவிட்டது: "உங்கள் அப்பா வாயை மூடிய நாளில் எங்களுக்குக் காலை விடிந்ததாகவே இருக்காது." எங்கள் அப்பாவா? ஆம். ஒவ்வொரு நாளும் அந்தச் சாலின் படிக்கட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்து, இந்தியும் மராத்தியும் கலந்து கதை சொல்வாராம். தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை, கிணறு வெட்டிய கதை, ஊர்க்கோயில் கொடைவிழாவில் சாமியாடியவர் ஓடிய கதை. அரசியல்வாதிகளின் குரலில் பேசிக் காட்டுவாராம். சால் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒன்று முதல் பத்துவரை எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார். காகாவின் மகன், ஐம்பது வயது மனிதர், எங்கள் முன்னால் எண்ணிக் காட்டினார். ஏழு மட்டும் இடறியது.

எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. எங்களுக்குக் கிடைக்காத அந்தக் கதைகள் லால்பாகின் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கின்றன. வீடு திரும்பும் ரயிலில் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல அது மகிழ்ச்சியாக மாறியது. தினமும் மூன்று மணிக்கு எழுந்து வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு மனிதருக்குச் சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் ஓர் இடம் இருந்திருக்கிறது. அது தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

1982 ஜனவரி 18இல் தொடங்கிய பம்பாய்த் துணி மில் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பாடப் புத்தகம் போலப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றது உலகறிந்த வரலாறு. காகா சொன்னது அதில் ஒரு படிக்கட்டு அளவு. சம்பளம் நின்றதும் சால்காரர்கள் இட்லி வாங்குவதை நிறுத்தினார்கள். அப்பா சுற்றை மாற்றிக்கொள்ளவில்லை. கணக்கெழுதிக் கடன் கொடுத்தார். பலர் கொங்கண் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள், அந்தக் கணக்கும் அவர்களோடு போயிற்று. காகா பணமாகக் கொடுக்க முடியாமல், மில் கடையில் முன்பு சலுகை விலைக்கு வாங்கி வைத்திருந்த துணிகளைக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நாங்கள் மூவரும் போர்த்திக்கொண்டு வளர்ந்த பச்சைக் கரைப் போர்வை அப்படி வந்தது. அந்தப் போர்வை இன்னும் பரணில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த ஆண்டு வீட்டில் எவ்வளவு சிரமம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா கடிந்துகொண்டே இருப்பார். அந்தக் கோபத்தின் காரணமும் இப்போதுதான் விளங்குகிறது. அம்மாவின் கோபமும் நியாயமானதே.

லால்பாகுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிய நாள்களில் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கவும் இடமிருக்காது, யாருக்கும் பேச நேரமும் இருக்காது. அனந்த சதுர்த்தசி முடிந்ததும் பித்ரு பட்சம் தொடங்கிவிடும். நாம் மகாளய பட்சம் என்று சொல்வதும் அதே பதினைந்து நாள்கள்தான். மராத்திக் குடும்பங்களும் அந்நாள்களில் முன்னோருக்குப் படைத்துக் காக்கைக்கு வைக்கிறார்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேச மனம் இளகியிருக்கும் காலம் அது. நாங்கள் இரண்டாம் முறை போனது அப்போதுதான். முதல்முறை கேட்டதைப்போல் பல மடங்கு கேட்டோம்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எவரும் "தங்கமான மனிதர்" என்றுதான் சொல்வார்கள். இறந்தவர்களைப் பற்றி வேறு எப்படிச் சொல்வார்கள்? கைகளையும் பொருள்களையும் பற்றிக் கேளுங்கள். இட்லியை எதில் வைத்துக் கொடுப்பார்? காசை எந்தப் பையில் போடுவார்? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவார்? உங்களை எதற்காவது திட்டியிருக்கிறாரா? மழைக்கு எங்கே ஒதுங்குவார் என்ற ஒரு கேள்விக்கு, ஹிந்த்மாதாவில் இடுப்பளவு நீரில் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, சைக்கிளை இன்னொருவரிடம் தள்ளக் கொடுத்து அப்பா கடந்துபோன கதை வந்தது. அதைச் சொன்னவர் கை காட்டி, நடந்து காட்டி நடித்தார்.

ஆண்டைக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது, தெரியாததில் கூச்சப்பட்டுப் பேச்சே நின்றுவிடும். ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு முன்பா பின்பா என்று கேட்டால் நினைவு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மில் வேலைநிறுத்தத்துக்கு முன்பா? இந்திரா காந்தி இறந்த 1984க்குப் பிறகா? எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பரில் அந்தப் பிள்ளை பிறந்திருந்ததா? 1992–93 கலவரத்தின்போது எங்கே இருந்தீர்கள்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26 அன்று அவர் வெளியே போயிருந்தாரா? சைக்கிள் வாங்கிய ஆண்டை இப்படித்தான் பிடித்தேன். அத்தையின் திருமணத்துக்கு அண்ணன் வரவில்லை; ஏன் என்றால் "அந்த மாதம் ரயிலே ஓடவில்லை" என்றார் அத்தை. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம். கல்யாணத்துக்கு அம்மா போட்டுக்கொண்டு போக இருந்த சங்கிலி, பயணம் நின்றதால், அந்த மாதமே சைக்கிளாயிற்று.

வீட்டுப் பெரியவர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவு செய்தால் வயதில் மூத்த ஆண் ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். பெண்களிடம் தனியே, வேலையின் நடுவில் கேட்பது நல்லது. கீரை ஆயும்போது என் மதினி சொன்னவற்றை எந்த விருந்தறையிலும் சொல்லியிருக்க மாட்டார். போனைக் கண்ணில் படாமல் ஒளித்து வைக்காதீர்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லி, நடுவில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் இருங்கள். சற்று நேரத்தில் அவர்களும் அதை மறந்துவிடுவார்கள். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அப்பாவுக்கு இட்லித் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதில் எங்களுக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டுமே நோட்டில் உள்ளன, சொன்னவர் பெயரோடு.

எனக்கு முன் பிறந்த அக்கா ஒருத்தி இருந்தாள். ஏழு வயதில் மஞ்சள் காமாலையில் போனாள். படம் எதுவும் இல்லை. அம்மா அவளைப் பற்றிப் பேசியதில்லை, நாங்கள் கேட்கவும் துணியவில்லை. அம்மாவும் போன பிறகு, இனி இவளை நினைக்க யாருமில்லை என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவள் அப்படி ஒன்றில் சேர்ந்திருந்தாள். பள்ளியின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், சேர்ந்த நாள் எல்லாம் இருக்கும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, காரணத்தை நேரில் சொன்னேன். தலைமையாசிரியை பழைய பதிவேட்டை எடுத்து வந்து, அவரே விரல் வைத்துத் தேடினார். அக்காவின் பெயர் இருந்தது. பள்ளியில் சேர்ந்த நாளும் இருந்தது. அப்பாவின் கைநாட்டு இருக்கும் என்று நினைத்தேன். கையெழுத்து இருந்தது, கோணல்மாணலாக, தமிழில். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதே எனக்குப் புதிது. இப்போது மகாளய அமாவாசையில் அக்காவின் பெயரையும் சொல்லிப் படைக்கிறோம்.

தாளும் காகிதமும் எவ்வளவு பேசும் என்பதைத் தாராவிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியை இடித்துப் புது வீடுகள் கட்டும் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. தாராவிக்குள்ளேயே வீடு பெற 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட வேண்டும் என்பதால் மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாம் வெளியே வருகின்றன. எங்கள் பெட்டியிலிருந்து 1976 குடிசைக் கணக்கெடுப்பின்போது குடியிருப்பவர்களுக்குக் கொடுத்த, படம் ஒட்டிய அடையாள அட்டையான போட்டோ பாஸ் வந்தது. அதில் அப்பாவுக்கு மீசை அடர்த்தி, கன்னம் ஒட்டி இருக்கிறது. எங்களிடம் உள்ள அவருடைய படங்களில் அதுவே மிகப் பழையது. வீட்டுக்காக இந்தக் காகிதங்களைத் தேடுகிறவர்கள், தேடும்போதே ஒவ்வொன்றையும் இருபக்கமும் படமெடுத்து வைத்துவிடுங்கள். மூலத்தைப் பாதுகாத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். அதோடு, வீடு இருக்கும்போதே வீட்டையும் படமெடுங்கள். அம்மா அடுப்பு வைத்திருந்த மூலை, சுவரில் எங்கள் உயரம் குறித்த கோடுகள், சைக்கிள் சாய்த்து வைத்த இடத்தில் தேய்ந்த சுவர். கேமராவைக் கையில் பிடித்தபடி, எது என்ன என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தால் போதும். நாங்கள் சந்து முழுவதையும் அப்படிப் பதிவு செய்தோம். பக்கத்து வீட்டினரும் தங்கள் வாசலில் நின்று தங்கள் பெரியவர்களைப் பற்றிச் சொன்னார்கள்.

இறப்புச் சான்றிதழ் பற்றி ஒரே ஒரு சொல்: 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். துக்கத்தின் நடுவிலும் யாராவது ஒருவர் பெயரின் எழுத்துகளை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட வேண்டும். பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

பழைய படங்களை மும்பையின் மழைக்காலம் தின்றுவிடும். பூஞ்சைப் புள்ளிகள் வந்த படங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். லாமினேட் செய்யவே கூடாது. பசைத் தாள் கொண்ட ஆல்பங்களும் நாளடைவில் படத்தை மஞ்சளாக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க முயலாமல், ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ அளவில் செய்யச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை அழுந்தும். பெயர் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். எங்கள் ஆல்பத்தில் ஒரு குழுப்படத்தில் அப்பாவின் தோளில் கைபோட்டு நிற்பவர் யார் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பேரன் கற்றுக்கொடுத்தபடி வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்புவார். தேங்காய் விலை, யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, "ஊறுகாய் தீர்ந்துவிட்டதா" என்ற கேள்வி. ஒவ்வொன்றும் சில விநாடிகளே. இவை என் போனில் இருப்பவை, என் போன் கெட்டால் போய்விடும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்தேன். 120 நாள் பயன்படாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும். கூகுளும் இரண்டு ஆண்டு தொடப்படாத கணக்குகளை நீக்கும் விதியை வைத்திருக்கிறது. இறந்தவரின் போனை அழித்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதற்கு முன் அதில் உள்ளவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் குரல்களை நான் அடிக்கடி கேட்பதில்லை. ஆனால் இருக்கின்றன.

அம்மாவின் கைப்பக்குவத்தை எழுதி வைக்க எனக்கு உதவியவர் மதினி, அண்ணனின் மனைவி. அவர்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் அம்மாவின் பக்கத்தில் நின்று மாவாட்டியவர். சமையலின் நினைவு பெற்ற பிள்ளைகளிடம் இருப்பதைவிட மருமகளிடம் அதிகம் இருக்கும். "கண்ணளவுதான்" என்று மதினியும் சொன்னார். பாத்திரத்தை எடைத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல் போடுங்கள் என்றேன்; போடப் போடக் குறித்துக்கொண்டேன். புழுங்கலரிசி நான்குக்கு உளுந்து ஒன்று என்பது பலருக்கும் தெரியும். மார்கழி தையில் மாவு புளிக்கச் சுணங்கும் என்பதால் அம்மா பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அடுப்புச் சூட்டோரம் வைப்பார் என்பதும், சட்னிக்கு மிளகாயை எண்ணி எடுத்துப் போடாமல் முகர்ந்து பார்த்துப் போடுவார் என்பதும் மதினியிடம் மட்டுமே இருந்தன.

எல்லாம் இனிப்பாகவே இருக்கவில்லை. அத்தையின் கணவர் பம்பாய் வந்து இதே தொழிலில் இறங்கியபோது, பரேல் சுற்று யாருக்கு என்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் பெரும் சண்டை. அப்பா நடந்துகொண்ட முறை நியாயமானதில்லை என்று அத்தை இன்றும் சொல்கிறார். பல ஆண்டு பேச்சில்லை. அந்தக் குடும்பம் ஊருக்கே திரும்பியது. இதை எழுத வேண்டாம் என்றான் அண்ணன். "இறந்தவர்மேல் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்றமே இல்லாத மனிதராக எழுதினால் அது படத்துக்குப் போடும் மாலைதான். அப்பா அதற்குள் இருக்க மாட்டார். அதே சமயம் உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆகவே எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னார், ஒரு செய்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மீதி இருக்கட்டும் என்றார். "அவன் கடைசியில் எனக்குப் பணம் அனுப்பினான், அதையும் எழுது" என்றும் சொன்னார். அதுவும் எங்களுக்குத் தெரியாத செய்தி. அண்ணனும் ஒத்துக்கொண்டான்.

இப்போது அந்த நோட்டைத் தட்டச்சு செய்து, சயானில் ஒரு நகலகத்தில் சில பிரதிகள் எடுத்துச் சுருள்கம்பி போட்டிருக்கிறோம். ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பிறகும் வெற்றுப் பக்கங்கள் விட்டிருக்கிறேன், படிப்பவர்கள் எழுதட்டும் என்று. லால்பாக் பகுதியை மட்டும் என் மகள் மராத்தியில் எழுதிக் கொடுத்தாள். காகாவின் மகன் அதைச் சாலில் உள்ளவர்களுக்கு வாசித்தாராம். அதைக் கேட்ட ஒருவர், கொங்கண் திரும்பிய இரண்டு பழைய மில் தொழிலாளர்களின் முகவரியைத் தந்திருக்கிறார். அப்பாவின் கடன் கணக்கில் அவர்கள் பெயரும் இருந்ததாம். அவர்களில் மூத்தவருக்கு எண்பத்திரண்டு வயது, காது கேட்பது குறைந்துவருகிறது. மழை விட்டதும் அண்ணனும் நானும் முதலில் அவரைப் பார்க்கப் போகிறோம், சைக்கிள் படத்தை எடுத்துக்கொண்டு.